லினக்ஸில் விரைவு மறுதொடக்கம்: கெக்ஸெக் நுட்பத்தின் செயல்முறையும் வரம்புகளும்

முன்னுரை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமாக விளங்குவது கெர்னல் ஆகும். பாதுகாப்புக் குறைகள் களையப்பட்ட புதிய கெர்னலை நிறுவினாலும், கணினி மறுதொடக்கம் பெறும்வரை பழையதே பொதுவாக இயங்கிக்கொண்டிருக்கும். பெரிய சேவையகங்களில் மறுதொடக்கத்திற்குப் பல நிமிடங்கள் ஆவதால் நிர்வாகிகள் அதனைத் தள்ளிப்போடுவதுண்டு. அதுவரை குறைகளும் நீடிக்கின்றன. இத்தாமதத்தைக் குறைக்கும் கெக்ஸெக் நுட்பத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

தாமதத்தின் காரணம்

வழக்கமான மறுதொடக்கத்தில், நிலைபொருள் முதலில் நினைவகத்தையும் பிற வன்பொருள்களையும் சோதித்து ஆயத்தப்படுத்துகிறது. அதன்பின் தொடக்க ஏற்றி கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. நினைவகமும் இணைப்பு அட்டைகளும் மிகுந்த சேவையகங்களில் நிலைபொருளின் பணியே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

செயல்முறை

எரிக் பீடர்மேன் உருவாக்கிய கெக்ஸெக், 2005ஆம் ஆண்டு வெளியான லினக்ஸ் 2.6.13 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இது இரு படிகளில் செயற்படுகிறது. முதற்படியில் புதிய கெர்னலும் அதன் தொடக்கக் கோப்புப் படிமமும் கட்டளை வரியும் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. அப்போது சேவைகள் தடைபடுவதில்லை. இரண்டாம் படியில் பழைய கெர்னல் சாதனங்களை அடக்கி, பர்கேட்டரி எனப்படும் சிறு நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கிறது. அந்நிரல் ஏற்றப்பட்டவை சிதையாமல் உள்ளனவா எனச் சரிபார்த்துப் புதிய கெர்னலைத் தொடங்குகிறது. நிலைபொருளும் தொடக்க ஏற்றியும் இடையில் வருவதில்லை.

இரண்டாம் படியை நிகழ்த்தும் முறையில் கவனம் தேவை. கெக்ஸெக் கருவியின் நேரடித் தாவல் கட்டளை, சேவைகளை முறைப்படி நிறுத்துவதில்லை; எழுதி முடியாத தரவு இழக்கப்படலாம். சிஸ்டம்டி வழங்கும் கெக்ஸெக் கட்டளையோ சேவைகளை நிறுத்திக் கோப்பு முறைமைகளை விடுவித்த பின்னரே தாவுகிறது.

வரம்புகள்

தவிர்க்கப்படும் சோதனையே இந்நுட்பத்தின் வலிமையும் குறையும் ஆகும். வன்பொருள் முழுமையாக மீட்டமைக்கப்படாமையால், பழைய இயக்கி சரிவர அடக்காத சாதனம் புதிய கெர்னலின் நினைவகத்தில் எழுதிவிடக்கூடும். நிலைபொருள் மேம்பாடுகளுக்கும் முழு மறுதொடக்கமே பொதுவாகத் தேவைப்படும். சரிபார்க்கப்படாத கெர்னலை ஏற்றும் வாய்ப்பு, பாதுகாப்பான தொடக்கத்தின் நோக்கத்தைச் சிதைக்கும். இதனைத் தடுக்க, கையொப்பத்தைச் சரிபார்க்க இடமளிக்கும் புதிய அமைப்பு அழைப்பு 2014இல் 3.17 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

கெக்ஸெக் முழு மறுதொடக்கத்திற்கு மாற்று அன்று. நிலைபொருளின் பணி தேவைப்படாத இடங்களில் அதனைத் தவிர்க்கும் வழியாகும். கெர்னல் நிலைகுலையும்போது நினைவகப் பதிவைச் சேமிக்கும் கேடம்ப் அமைப்பும் இதன் அடிப்படையிலேயே இயங்குகிறது. குறிப்பிட்ட வன்பொருளில் முன்கூட்டியே சோதித்துப் பயன்படுத்தின், பாதுகாப்பு மேம்பாட்டைத் தள்ளிப்போடுவதற்கான காரணங்களுள் ஒன்று நீங்கும்.