ஐந்து சின்னப்பாவும் ஒரு மாயாண்டியும்

திரையில் அற்புதம் என்றதும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு நினைவுக்கு வருகிறவர் பி.யு.சின்னப்பா. பெயரின் முதலெழுத்திலேயே ஊரைச் சுமந்தவர். 1944-இல் வெளிவந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் பாடுகிறவரும் அவர், பக்கவாத்தியக்காரர்களும் அவரே. ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பா! கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கேமரா வித்தை அது. பிற்பாடு வந்த அம்மன் படங்களில் சூலம் தானாகப் பறந்தது. கொட்டகையில் சாமியாடியவர்களும் உண்டு. அந்தப் பரவசத்தை நான் மதிக்கிறேன். ஆனால், படம் முடிந்து பல நாள் கழித்தும் நெஞ்சை விட்டு இறங்காத அற்புதம் வேறு வகை.

மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’யை (2022) எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மரத்தில் இடி விழுகிறது. குலசாமியை மறந்த குற்றம் என்று திருவிழா எடுக்கத் தீர்மானிக்கிறார்கள். படையலுக்குப் புதுநெல் வேண்டும். வெள்ளாமை செய்ய மிஞ்சியிருப்பவர் மாயாண்டிக் கிழவர் மட்டும்தான். அந்த வேடத்தில் நல்லாண்டி என்ற அசல் விவசாயி. படம் வெளியாகும் முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர் வயலில் இறங்கி வேலை செய்வதைக் கேமரா அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே ஊரில், செத்துப்போன காதலிக்கும் சேர்த்துச் சோறு கேட்கும் முருக பக்தர் ராமையா (விஜய் சேதுபதி) ஒருநாள் மலையேறுகிறார், மறைந்துபோகிறார். எப்படி என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. மண்ணையும் நீரையும் அவ்வளவு நேரம் நம்ப வைத்த படம் இதையும் நம்ப வைத்துவிட்டது.

டென்மார்க்கின் டிரையர் ‘ஆர்டெட்’ (1955) படத்தில் செய்ததும் இதுதான். ஒரு பண்ணைவீட்டின் அன்றாடத்தையும் மதச் சச்சரவையும் பொறுமையாகக் காட்டி, கடைசியில் சவப்பெட்டியில் கிடக்கும் இங்கர் என்ற பெண்ணின் கோத்த விரல்களை மெல்லப் பிரிய வைக்கிறார். அந்த விரல்கள் போதும்.

ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) நம்பிக்கையின் இன்னொரு முகத்தைக் காட்டியது. அபசகுனம் என்று அடித்துக் கொன்ற கழுதைக்கே, பிறகு நடக்கும் நல்லதையெல்லாம் ஏற்றிக் கோயில் கட்டப் பார்க்கிறது ஊர். அற்புதம் யாருக்கு, எதை மறைக்கத் தேவைப்படுகிறது என்று இத்தனை கூர்மையாகக் கேட்ட தமிழ்ப்படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மண்ணிலிருந்து எழும் அற்புதம், அற்புதத்தைக் கேள்வி கேட்பது என்ற இந்த இரண்டு பார்வைக்கும் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இடமுண்டு. கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில், 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஐயனார் குதிரைக்கு மாசிமகத்தன்று காகித மாலைகள் குவியும். ஐயனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவியெடுப்பு நடக்கும் ஊர்களில், குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுத்த நாளிலிருந்தே காரியம் தொடங்கிவிடும். வேளார் விரதமிருந்து மண் பிசைந்து, குதிரை வனைந்து, சூளையில் சுட்டெடுப்பார். கண் திறந்த பிறகு அது மண் இல்லை, ஐயனார் இரவில் ஊர்க்காவலுக்கு ஏறிப்போகும் வாகனம். ஊரே சுமந்துபோய்க் கோயிலில் விட்ட பிறகு வெயிலிலும் மழையிலும் அது கரைய வேண்டியதுதான். அடுத்த புரவியெடுப்புக்குப் புதுசு வரும். பிடிமண்ணில் தொடங்கி கண் திறப்பு வரை, வேளாரின் கையை விட்டு விலகாமல் ஒரு முழுநீளப் படம் யாராவது எடுக்க வேண்டும். கிராபிக்ஸுக்கு அதில் வேலையே இருக்காது.