வேட்டையிறைச்சியும் அதில் உறையும் புழுவும்

மகாவலியின் நீர் கொட்டியாரக் குடாவிற் கலக்குமிடத்தை அடுத்துள்ளது மூதூர். அதற்குத் தெற்கே வெருகல் வரையுள்ள காடுகளில் மானும் மரையும் காட்டுப்பன்றியும் வாழ்கின்றன. வேடர் வழிவந்தோர் உள்ளிட்ட காட்டோர மக்களிடையே வேட்டையிறைச்சி நெடுங்காலமாக வழங்கிவரும் உணவாகும். மிஞ்சிய இறைச்சியைக் கீறி உப்பிட்டு வெயிலில் உலர்த்துவதும் புகையூட்டுவதும் பழைய வழக்கம். அவ்விறைச்சி எளிதிற் கெடுவதில்லை. ஆதலின் தீங்கற்றதென எண்ணுவோர் பலர். கெடாமை வேறு, தீங்கின்மை வேறு.

1835ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்ஸ் பஜெற் என்னும் மருத்துவ மாணவர், அறுத்து ஆராயப்பட்ட பிணமொன்றின் தசையில் வெண்புள்ளிகளைக் கண்டார். பிறரும் அவற்றைக் கண்டிருந்தனர். கத்தி மழுங்குகின்றதே எனக் குறைப்பட்டதோடு நின்றனர். மாணவரோ உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். புள்ளியினுள்ளே சிறு புழுவொன்று சுருண்டு கிடந்தது. ஆசிரியர் காணாததை மாணவர் காண்பதும் உண்டு போலும்! 1860இல் திரெஸ்டன் நகரில் சென்கர் என்பார், இறந்த பணிப்பெண்ணொருத்தியின் உடலை ஆராய்ந்து, அவள் உண்ட பன்றியிறைச்சியே இப்புழுவை அவளுடலிற் சேர்த்ததென நிறுவினார். திரிக்கினெல்லா என்பது இன்று அதன் பெயர்.

இறைச்சியோடு உட்சென்ற புழுவின் உறையை இரைப்பைநீர் கரைக்கின்றது. விடுபட்ட புழு சிறுகுடலில் முதிர்ந்து குஞ்சுகளை ஈனுகின்றது. அவை குருதிவழியே சென்று தசைகளிற் குடிபுகுகின்றன. முதலில் வயிற்றுப்போக்கு, பின்னர்க் காய்ச்சல், கண்ணிமை வீக்கம், தசைநோவு. இதயத்தசை தாக்கப்படின் உயிருக்கே இறுதி நேரலாம். தாய்லாந்தின் மே ஹோங் சோன் மாகாணத்தில் 1962இல் இந்நோய் பரவியபோது 56 பேர் நோயுற்றனர். 11 பேர் மாண்டனர். பன்றியிறைச்சியைப் பச்சையாக உண்ணும் வழக்கம் அங்கு இருந்தது.

எல்லாப் பன்றியிலும் இப்புழு உண்டென்பதன்று. உள்ளதையும் இல்லாததையும் வெறுங்கண்ணாற் பிரித்தறிய இயலாமையே இடர். பன்றியை விலக்கி மானிறைச்சி மட்டும் உண்போரும் முற்றும் அஞ்சாதிருத்தல் தகாது. பூனையினத்து விலங்குகளின் எச்சத்தால் மேய்ச்சல் நிலத்திற் பரவும் தொக்சோப்பிளாசுமா என்னும் நுண்ணுயிர் மானின் தசையிலும் தங்கும். அது கருவுற்ற தாயைத் தொற்றின், வயிற்றுப்பிள்ளையின் கண்ணையும் மூளையையும் ஊறுபடுத்தக்கூடும்.

உப்பும் வெயிலும் புகையும் இவற்றைத் திண்ணமாகக் கொல்வன என்று நம்புதற்கில்லை. இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசு வெப்பத்தை அடைதல் வேண்டும். தணலில் வாட்டிய தடித்த துண்டின் புறம் கருகியிருப்பினும் அகம் சிவந்தே இருத்தல் கூடும். சிறு துண்டங்களாக நறுக்கி நெடுநேரம் கொதிக்கவைத்த கறியில் அவ்வையமில்லை. அறுத்த கழிவை வளர்ப்புப் பன்றிக்கும் நாய்க்கும் எறிதலோ, காட்டிலுள்ள புழுவை ஊருக்குள் அழைத்து வருவதாகும்.