தீவகமும் கம்பியில்லா இணையமும்

அன்னத்தையும் கிளியையும் நெஞ்சையும் தூதாக விடுக்கும் மரபு தமிழ் இலக்கியத்திற்கு உரியது. நெடுந்தீவிலே ஒல்லாந்தர் காலத்ததெனக் கூறப்படும் புறாக்கூடு, செய்தி சுமந்த பறவைகளின் உறைவிடமென இன்றும் காட்டப்படுகின்றது. கடல் சூழ்ந்த நிலத்தாருக்குச் செய்தி இன்றியமையாதது என்பதற்கு இஃதொரு சான்று. அத்தேவையை இக்காலத்தில் நிறைவு செய்வது இணையம். அதனை வீட்டிற்குக் கொணர்ந்த தொலைபேசிக் கம்பியை விடுத்துக் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலைகளை நாடுவதால் வருவது யாது, போவது யாது என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் கம்பியின் இயல்பை நோக்குதல் வேண்டும். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரை இரண்டு மெல்லிய செப்புக் கம்பிகள் செல்கின்றன. தூரம் கூடக்கூட அவற்றிற் செல்லும் மின்குறி தேய்கின்றது. நிலையத்தின் அருகே விநாடிக்கு 24 மெகாபிற் வரை தரவல்ல கம்பி, ஏறத்தாழ 5 கிலோமீற்றர் கடந்ததும் பெரும்பாலும் பயனற்றதாகின்றது. உப்புக்காற்றும் அதன் இணைப்புகளை அரிக்கின்றது. வேலணையும் புங்குடுதீவும் கடலை ஊடறுக்கும் வீதிகளாற் குடாநாட்டோடு இணைந்தவை. நெடுந்தீவும் நயினாதீவுமோ குறிகட்டுவானிலிருந்து படகேறிச் சேர வேண்டியவை. அத்தகைய ஊர்களில் அறுந்த கம்பியைத் திருத்துவோரும் கடலின் குணமறிந்தே வருதல் வேண்டும்.

கம்பியில்லா வழிக்கு இவ்விடர்கள் இல்லை. இலங்கையில் 2006இல் மூன்றாந் தலைமுறை வலையமைப்பும், 2013இல் நான்காந் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவையும் நடைமுறைக்கு வந்தன. 50 மீற்றர் உயரமான கோபுரத்தின் வானொலி அடிவானம் ஏறத்தாழ 29 கிலோமீற்றர் ஆகும். மலையற்ற தீவகத்தில் அலையை மறிக்கும் மேட்டுநிலம் இல்லை. எனினும் பனங்கூடலும் தடித்த முருகைக்கற் சுவரும் அதனைத் தளர்த்தும். 900 மெகாஹேர்ட்சு போன்ற தாழ்ந்த அதிர்வெண் நெடுந்தூரம் சென்று சுவரையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அதிர்வெண் அலைக்கற்றைகள் மிகுதியான தரவைச் சுமப்பினும் எளிதில் தடைப்படும். ஆதலின் றவுட்டரைக் கோபுரத்தை நோக்கிய யன்னலோரத்தில் வைத்தல் நன்று.

இனி, இழப்பு யாதெனக் காண்போர் இரண்டைக் கருதுதல் வேண்டும். முதலாவது, கொள்ளளவு. செப்புக் கம்பி நிலையம்வரை ஒரு வீட்டிற்கே உரியது; கோபுரத்தின் அலையோ ஊர்ப்பொதுக் கிணற்றை ஒத்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் அடியார் பெருந்திரளாய்க் கூடுவர். அத்தனை பேர் கையிலும் தொலைபேசி இருக்குமாயின், வீட்டிலிருப்போர் பெறும் வேகம் குறைவது இயல்பே. கடல் கடந்து கோபுரத்தை இணைக்கும் நுண்ணலைத் தொடர்பும், நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் அலைகளாற் சிலவேளை தளர்வுறும்.

இரண்டாவது, மின்சாரம். பழைய தொலைபேசி, நிலையத்துப் பற்றரியிலிருந்து கம்பி வழியே மின்பெற்றமையால், வீடு இருளினும் பேசிற்று. றவுட்டர் அவ்வாறன்று, கோபுரத்திற்கும் மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையோடு இணையாது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இம்மூன்றிற்கும் இந்திய நன்கொடையுடன் சூரிய ஒளியும் காற்றும் கொண்டு மின்னாக்கும் திட்டத்திற்கு 2024 மார்ச்சு மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இத்தகைய திட்டம் விளக்கிற்கு மட்டுமன்றிச் செய்திக்கும் உயிராவது வெளிப்படை.

எனவே கம்பியுள்ள வீட்டார் அதனை உடனே ஒப்படைத்துவிடுதல் தகாது. ஒரு திங்களேனும் இரண்டையும் வைத்திருந்து, மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வேகம் எவ்வளவு, மின்தடையில் நிகழ்வது யாது, மாதத் தரவளவு போதுமா என்னும் மூன்றையும் சோதித்தல் வேண்டும். கம்பி எட்டாத வீட்டிற்கோ இவ்வாராய்ச்சி வேண்டியதில்லை. கோபுரமே அதற்குற்ற துணை.

2020இற் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் மாணவரைத் தேடி இணையத்தின் வழியே வந்தது. அலை எட்டிய வீட்டுப் பிள்ளை கற்றது. எட்டாத வீட்டுப் பிள்ளை பின்தங்கிற்று. கனடாவிலிருந்து பேசும் மகனின் முகத்தை நெடுந்தீவுத் தாய் காண்பதும் இவ்வலையாலேயே. தூது எவ்வடிவினதாயினும், அது வந்து சேர்தலே அதன் பயன்.