கல்கத்தாவில் பிறந்த ரேகை சாஸ்திரம்

குற்றவாளியை அவன் விரல் நுனியைக் கொண்டே கண்டுபிடிக்கும் வித்தை லண்டன் ஸ்காட்லாண்டு யார்டில் தோன்றியது என்று நம்மவரிற் பலர் இன்றும் எண்ணுகின்றனர். ஆங்கிலத் துப்பறியும் நவீனங்களைப் படித்த பழக்கம் இது. உண்மை வேறு. லண்டன் போலீஸார் கைரேகைக்கென ஒரு சாலை வைத்தது 1901-ம் வருஷத்தில். கல்கத்தாவில் அத்தகைய சாலை 1897-லேயே திறக்கப்பட்டுவிட்டது. அதன் உயிர்நாடியாயிருந்த கணக்கை வகுத்துக் கொடுத்தவர்கள் இரண்டு வங்காளி ஸப்-இன்ஸ்பெக்டர்கள். முறையின் பெயரோ ‘ஹென்றி முறை’. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நேயர்கள் அறிவது நலம்.

முதலில் ஒன்று சொல்லிவிடவேண்டும். ஜோஸியர் பார்க்கும் கைரேகைக்கும் இதற்கும் ஸம்பந்தமில்லை. இது விரல் நுனியிலுள்ள நுண்ணிய வரிகளைப் பற்றியது. அவ்வரிகள் தாயின் கர்ப்பத்திலேயே அமைந்து, மரணம்வரை மாறாதிருப்பவை.

1858-ம் வருஷம். வட இந்தியா முழுவதும் மூண்ட பெரும் போரின் புகை அடங்காத காலம். வங்காளத்தில் ஜங்கிபுரம் என்ற இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஸிவிலியன் அதிகாரி, சாலைக்குச் சரளை கொண்டுவரும் ஒப்பந்தம் ஒன்றை ராஜ்யதர் கோனாய் என்பவரோடு செய்துகொண்டார். கையெழுத்து மட்டும் அவருக்குப் போதவில்லை. மசி பூசிய உள்ளங்கையைப் பத்திரத்தின்மேல் அழுத்தச் சொன்னார். பின்னால் ‘இது என் கையெழுத்தல்ல’ என்று ஒப்பந்தக்காரர் மறுக்கத் துணியாமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே, விஞ்ஞான ஆர்வத்திற்கு முன்னால் இங்கு நின்றது, ‘சுதேசி பொய் சொல்வான்’ என்ற ஆளுவோரின் ஸந்தேகம். எனினும் ஹெர்ஷலின் பொறுமையை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். பல வருஷங்கள் பலருடைய ரேகைகளைச் சேகரித்து, அவை மாறுவதில்லை என்று கண்டவர் அவர். 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்டிரேட்டாக இருந்தபோது பென்ஷன் பட்டுவாடா, பத்திரப் பதிவு, சிறைச்சாலை ஆகியவற்றில் இதனைப் புகுத்தினார். மற்ற இடங்களுக்கும் பரப்பவேண்டுமென்று அவர் எழுதியதை மேலதிகாரிகள் ஏற்கவில்லை.

1880-ல் ஜப்பானிலிருந்த ஹென்றி பால்ட்ஸ் என்னும் டாக்டர், குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ரேகையால் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று ‘நேச்சர்’ பத்திரிகைக்கு எழுதினார். 1892-ல் கால்டன் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே வருஷம் அர்ஜெண்டைனா தேசத்தில் தன் இரு குழந்தைகளையும் கொன்ற ஒரு ஸ்திரீ, பழியை வேறொருவன்மேல் சுமத்தினாள். போலீஸார் அவனை வதைத்துப் பார்த்தும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கதவிலிருந்த இரத்த ரேகை அவளுடையது என்று தெரிந்தபின் அவளே உண்மையைக் கூறினாள். அடித்துக் கேட்டும் வெளிவராத உண்மையை ஒரு மரப்பலகை கூறிற்று!

நம் தேசத்தில் இதன் அவசியம் இன்னும் அதிகம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்று 1872-ம் வருஷத்து ஸாக்ஷியச் சட்டத்தின் 25-வது பிரிவு விதித்தது. அந்த வாக்குமூலங்கள் எப்படிப் பெறப்பட்டன என்பதைச் சட்டம் செய்தவர்களே அறிந்திருந்தார்கள் என்பதற்கு வேறு ருஜு வேண்டுமா? பொருள் ஸாக்ஷியம் வேண்டுமென்ற எண்ணம் அதற்கு முன்பே உண்டு. சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் சாலை 1849-லேயே ஏற்பட்டது. ஆனால் விஷத்தைக் கண்டுபிடிப்பது வேறு, விஷமிட்டவனைக் கண்டுபிடிப்பது வேறு.

1891-ல் எட்வர்டு ஹென்றி வங்காளப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரலானார். அப்பொழுது பாரிஸ் நகரத்துப் பெர்ட்டியோன் வகுத்தபடி, கைதியின் தலை, கை, கால் முதலியவற்றை அளந்து எழுதிவைக்கும் முறை பரவியிருந்தது. அளக்கிறவன் கை சற்றுத் தவறினால் ஆளே மாறிவிடுவான். ரேகைக்கு இந்தத் தோஷம் இல்லை. ஆனால் வேறொரு கஷ்டம் இருந்தது. ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகளில் வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? கால்டனும் இதற்குத் திருப்திகரமான வழி காட்டவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அஜிஜுல் ஹக். குல்னா ஜில்லாவில் 1872-ல் பிறந்து, கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் கணிதம் படித்தவர். அவருடைய உபாயம் கேட்பதற்கு எளிது. பத்து விரல்களை இரண்டிரண்டாக ஐந்து ஜோடியாக்க வேண்டும். ஒரு விரலில் சுழி இருந்தால் முதல் ஜோடிக்கு 16, அடுத்தவைகளுக்கு முறையே 8, 4, 2, 1 என்று மதிப்பு. வில்லுக்கும் கண்ணிக்கும் மதிப்பில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலின் மதிப்பு மேலெண்ணிலும் மற்றதன் மதிப்பு கீழெண்ணிலும் சேரும். இரண்டோடும் ஒன்றைக் கூட்டினால், 1 முதல் 32 வரையுள்ள இரண்டு எண்கள் கிடைக்கும். 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1024. அத்தனை அறைகள் கொண்ட அலமாரி ஒன்று இருந்தால், எந்த மனிதனுடைய சீட்டும் இன்ன அறையில்தான் இருக்கவேண்டுமென்று குமாஸ்தா சில நிமிஷங்களில் சொல்லிவிடலாம். ஹேமசந்திர போஸ் அதன் உட்பிரிவுகளை வகுத்து உதவியதோடு, ரேகை விவரத்தைத் தந்தி மூலம் அனுப்பும் ஸங்கேதமும் அமைத்தார். 1897-ல் ஸர்க்கார் நியமித்த கமிட்டி பரிசோதித்து, அங்க அளவை விட இதுவே மேல் என்றது. அந்த வருஷம் ஜூன் மாதம் கவர்னர் ஜெனரலும் அதனை அங்கீகரித்தார்.

கோர்ட்டில் இந்த முறைக்கு வந்த முதற் சோதனை ஜல்பாய்குரி ஜில்லாவில். தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டி திறந்து கொள்ளை போயிருந்தது. தோட்டக் கூலிகள்மேல் ஸந்தேகம். சமையற்காரனின் துணியில் இரத்தக் கறை இருந்ததால் அவன்மேலும் ஸந்தேகம். பழைய போலீஸ் வழக்கப்படி நடந்திருந்தால், இவர்களில் யாரோ ஒருவன் ‘ஒப்புக்கொண்டு’ தூக்குமேடை ஏறியிருப்பான். ஆனால் பெட்டிக்குள் கிடந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றில் மங்கலான பழுப்பு நிற ரேகை இருந்தது. அது இரத்தமென்று இரசாயனப் பரிசோதகர் கூறினார். கல்கத்தாச் சாலையிலிருந்த சீட்டுகளோடு ஒத்துப் பார்த்ததில், முன்பு அதே மானேஜரிடம் வேலை பார்த்துத் திருடியதற்காகத் தண்டனை அடைந்த காங்காலி சரணின் வலது கட்டை விரல் அது என்று தெரியவந்தது. 1898-ல் விசாரணை நடந்தது. திருட்டுக்குத் தண்டித்த நியாயஸ்தலம், கண்ணாற் கண்ட ஸாக்ஷி இல்லாததால் கொலைக்குத் தண்டிக்க மறுத்தது. இத்தீர்ப்பைப் பரிகசிப்பவர்கள் உண்டு. எமக்கு அது விவேகமாகவே தோன்றுகிறது. அவன் பெட்டியைத் தொட்டான் என்பதை ரேகை சொல்லும். கத்தியை எடுத்தவன் யார் என்பதைச் சொல்லாது. அடுத்த வருஷமே, 1899-ம் வருஷத்து 5-வது சட்டத்தால், ரேகை நிபுணரின் அபிப்பிராயமும் ஸாக்ஷியச் சட்டத்தின் 45-வது பிரிவில் இடம்பெற்றது.

ஹென்றி 1900-ல் நூல் வெளியிட்டார். 1901-ல் லண்டனுக்குச் சென்றார். பின்னர் அந்நகரப் போலீஸ் கமிஷனராகி, ‘ஸர்’ பட்டமும் அடைந்தார். ஹக்கும் போஸும் வெகுகாலம் காத்திருந்தபின் கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்களும் ஐயாயிரம் ரூபாய் ஸன்மானமும் பெற்றனர். ஹக்கின் பங்கு சிறப்பானது என்பதை ஹென்றியே 1926-ல் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். புத்தகம் அச்சேறி இருபத்தாறு வருஷங்கள் கழித்து! ஹக் 1935-ல் காலமானார். இவ்விருவர் பெயராலும் பிரிட்டனிலுள்ள ரேகை நிபுணர் சங்கம் பிற்காலத்தில் ஒரு பரிசு ஏற்படுத்தியது.

பெயர் பறிபோனது ஒரு குறை. அதனினும் பெரிது, அந்த மசி யார் விரலில் பூசப்பட்டது என்பது. 1906-ல் டிரான்ஸ்வால் ஸர்க்கார் அங்கிருந்த இந்தியர் அனைவரும் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஹென்றியின் நூலைப் படித்திருந்த காந்தியடிகள், குற்றவாளிகளிடம் மட்டுமே சட்டப்படி கேட்கும் ரேகையை ஒரு ஸமூகத்தையே கேட்பதா என்று திடுக்கிட்டார். செப்டம்பர் 11-ந் தேதி ஜோஹானஸ்பர்க் கூட்டத்தில் பிறந்தது ஸத்யாக்கிரகம். 1908-ல் கட்டாயமின்றி மனமுவந்து பதிவதாக உடன்பாடு ஏற்பட்டபோது, அவர் தாமே பதியப் புறப்பட்டு வழியில் தாக்கப்பட்டார். தடுக்க முயன்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். காயத்தோடு படுத்திருந்தபடியே ரேகை கொடுத்தார் காந்தியடிகள். மசி குற்றமல்ல, கட்டாயமே குற்றம் என்பது அவர் வாதம்.

நம் மதுரை ஜில்லாவிலும் இக்கதை நடந்தது. 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே மக்களைக் குற்றவாளிகளாக்கி, அவர்களுடைய ரேகையையும் எடுக்க அதிகாரம் தந்தது. பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டனர். பதினைந்து பேருக்கு மேல் மாண்டனர். ஒரு ஸ்திரீயும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் ஒழிந்தது. தேசம் முழுவதிலும் 1952-ல் ஒழிந்தது.

சுதந்திரத்திற்குப்பின், ரேகை கொடுப்பது தனக்கெதிராகத் தானே ஸாக்ஷி சொல்வதாகாது என்று 1961-ல் ஸுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்மானித்தது. 2022-ம் வருஷத்துப் புதிய சட்டம் கண்ணின் கருவிழிப் படலத்தையும் பதிந்துகொள்ள இடமளித்து, அப்பதிவுகளை 75 வருஷங்கள் வைத்திருக்க விதிக்கிறது. முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால், கோர்ட்டார் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, அவர் பதிவை அழித்துவிட வேண்டுமென்பதும் அதிலேயே இருக்கிறது. விடுதலை பெறும் கட்சிக்காரருக்கு இந்த ஷரத்தை எடுத்துச் சொல்லி, அழித்ததற்கு எழுத்து மூலம் அத்தாட்சி கேட்பது வக்கீல்கள் கடமை.