பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் விடை

கன்டெய்னர்களில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் மென்பொருள் குபர்நெட்டிஸ். அதன் நிர்வாகிகளுக்கான சி.கே.ஏ. தேர்வில் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்ற கேள்வியே கிடையாது. இரண்டு மணி நேரம். எதிரே நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் கூட்டம். கட்டளைகளைத் தட்டி, வேலையை முடித்துக் காட்ட வேண்டும். தேர்ச்சிக்கு 66 சதவீதம். நெட்வொர்க், ஸ்டோரேஜ் என்று மாதக்கணக்கில் படித்தவர்களும் இதில் ஒரு சின்ன வேலையில் தடுமாறி நிற்பதுண்டு: 'ஓடும் பாட்கள் எல்லாவற்றின் இமேஜ் பெயரையும் ஒரு கோப்பில் எழுது.' பாட் என்பது கன்டெய்னர்களைத் தாங்கி ஓடும் அலகு; இமேஜ் என்பது கன்டெய்னர் உருவாகும் மூலப் பொதி. விடை கண்ணெதிரேதான் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான வரிகள் நீளும் ஜேசான் தரவுக்குள், ஐந்தாறு அடுக்குக்கு அடியில் இருக்கிறது.

பார்த்ததும் மிரட்டும் இந்த ஜேசானில் இருப்பவை இரண்டே வகைப் பெட்டிகள். 2001 வாக்கில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் இதற்கு உருவம் கொடுத்தபோது வேண்டுமென்றே அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். நெளிவு அடைப்புக்குறி போட்டிருந்தால் உள்ளே இருப்பதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சதுர அடைப்புக்குறி என்றால் அது வரிசை. எத்தனையாவது என்று எண் சொல்ல வேண்டும், அதுவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி. எந்தப் பெட்டிக்குள்ளும் எந்தப் பெட்டியும் இருக்கலாம். சிக்கல் முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான்.

பாட்களின் பட்டியலைக் கேட்டால் வருவது இப்படி: வெளியே பெயர்ப் பெட்டி. அதில் 'ஐட்டம்ஸ்' என்ற வரிசை. வரிசையில் ஒவ்வொரு பாட்டும் மீண்டும் ஒரு பெயர்ப் பெட்டி. அதில் 'மெட்டாடேட்டா', 'ஸ்பெக்', 'ஸ்டேட்டஸ்'. ஸ்பெக்குக்குள் 'கன்டெய்னர்ஸ்' என்ற வரிசை. அதன் ஒவ்வோர் உறுப்பிலும் 'இமேஜ்'.

இங்கே தமிழ் நமக்குப் பெரிய துணை. ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது பெரும்பாலும் இமேஜில் தொடங்கி, பின்னோக்கி வெளியே வருவார்கள். தமிழில் 'ஐட்டம்ஸில் முதலாவதன் ஸ்பெக்கின் கன்டெய்னர்ஸில் முதலாவதன் இமேஜ்' என்று வெளியிலிருந்து உள்ளே போகிறோம். கணினிக்கு எழுதும் பாதையும் அச்சு அசலாக அதே வரிசைதான். ஒவ்வொரு 'இன்'னும் 'இல்'லும் ஒரு பெட்டியைத் திறக்கிறது. படிக்கும்போது பாதையை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்த இடத்தில் நாக்கு தயங்குகிறதோ, அந்த அடுக்கின் வகை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

பைத்தானில் பழகினால் பிழைச் செய்தியே ஆசிரியராகிவிடும். 'கீ எரர்' வந்தால் பெட்டி சரி, அந்தப் பெயர் அதில் இல்லை. 'இண்டெக்ஸ் எரர்' என்றால் வரிசை அவ்வளவு நீளமில்லை. 'டைப் எரர்' வந்து, எண்தான் வேண்டும் என்று சொன்னால், வரிசையிடம் போய்ப் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். குபர்நெட்டிஸுக்குக் கட்டளையிடும் 'குப்கட்டில்' என்ற கருவி இப்படிக் கத்தாது. அதில் பாதையை எழுதும் குறியீடான ஜேசான்பாத்தில் இல்லாத பெயரைக் கேட்டால் பெரும்பாலும் பேசாமல் வெற்று விடையைத் தந்துவிடும். ஒரே ஒரு பாட்டைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்டால், 'ஐட்டம்ஸ்' என்ற அடுக்கே வராது. பட்டியலுக்கு எழுதிப் பழகிய பாதையை அதன்மேல் போட்டால் காலிக் கோப்புதான் மிஞ்சும். எழுதிய கோப்பைத் திறந்து பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போகவே கூடாது.

அடுக்கின் வகை மறந்துபோனால் 'குப்கட்டில் எக்ஸ்பிளெய்ன்' இருக்கிறது, தேர்வறையிலும் கைகொடுக்கும். பாட், ஸ்பெக், கன்டெய்னர்ஸ் என்று புள்ளி வைத்துக் கொடுத்தால், வகைப் பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குறி போட்டு 'இது வரிசை' என்று காட்டிவிடும். மனப்பாடத்தைவிட இதை நம்பலாம்.

ஆனால் 'முதலாவது' என்ற சொல்லை நம்ப முடியாது. பாட்டில் ஒரே கன்டெய்னர் இருக்கும்வரை அது சரியாக வேலை செய்யும். இஸ்டியோ போன்ற கருவிகள் தங்கள் துணைக் கன்டெய்னரைத் தாமாகவே பாட்டுக்குள் சேர்ப்பதுண்டு. அமைப்பைப் பொறுத்து அது வரிசையின் தலைமாட்டிலேயே வந்து உட்காரும். அப்போது உங்கள் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் வேறொன்றின் இமேஜைக் கொண்டுவந்து கொடுக்கும்.

இந்த ஆபத்துக்கு வயது அதிகம். அப்பல்லோ விண்கலத் திட்டத்தின் எண்ணற்ற உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க 1960களில் ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ். தரவுத்தளமும் இப்படி அடுக்குக்குள் அடுக்காக இருந்ததுதான். அதே ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட்கர் காட், 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் பலவீனத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்: தரவு எந்த வரிசையில் கிடக்கிறது, எந்த வழியாக அதை அடைவது என்பவற்றை நிரல் தனக்குள் எழுதி வைத்துக்கொண்டால், அமைப்பு மாறிய அன்றே நிரல் உடைந்துவிடும். அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்றைய அட்டவணைத் தரவுத்தளங்கள் பிறந்தன. இணையமும் ஜேசானும் நம்மை மறுபடி அடுக்குகளுக்கே கொண்டுவந்துவிட்டதால், அவர் சொன்னது குபர்நெட்டிஸ் படிப்பவருக்கு இன்றும் பாடம்.

ஜேசான்பாத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. ஸ்டெஃபன் கோஸ்னர் 2007இல் முன்வைத்த அந்தக் குறியீடு 2024இல் இணையத் தர ஆவணமாகவும் வெளிவந்தது. அதன் வடிகட்டிக் குறியை குப்கட்டிலும் ஏற்கும். கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் போட்டு எழுதும் அந்த வரியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஸ்பெக்கின் கன்டெய்னர்ஸில், 'வெப்' என்று பெயருள்ளதன் இமேஜ்.