குழலின் விட்டமும் குண்டின் குணமும்

1986 ஏப்ரல் 11-ஆம் தேதி, அமெரிக்காவின் மியாமி நகர்ப்புறத்தில், வங்கிக் கொள்ளையர் இருவரை வழிமறித்த எப்.பி.ஐ. அதிகாரிகள் எண்மரில் இருவர் உயிரிழந்து ஐவர் காயமுற்ற அந்தச் சில நிமிஷச் சம்பவம், கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிய சிந்தனையை ஏறக்குறைய முப்பது ஆண்டுக்காலம் ஆட்டிவைத்தது. மோதல் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதிகாரி ஒருவருடைய 9 மி.மீ. குண்டு கொள்ளையன் ஒருவனின் வலது மேற்கையைத் துளைத்து, விலாப்புறமாக மார்புக்குள் புகுந்து, நுரையீரலைச் சேதப்படுத்தி, இருதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. உயிரைப் பறிக்கத்தக்க காயமே அது. ஆயினும் அவன் உடனே விழவில்லை, சுடுவதையும் நிறுத்தவில்லை. சீக்கிரம் விரிந்து, அதிக ஆழம் போகாமல் நிற்கவேண்டும் என்று கருதியே அமைக்கப்பட்ட இலேசான குண்டு அது. கருதியபடியே அது நடந்துகொண்டது. அந்த நேரத்துக்கு அது போதவில்லை.

அடுத்த ஆண்டு வர்ஜீனியா மாநிலத்துக் குவாண்டிகோவில், காயங்களின் இயல்பை ஆராய்ந்த நிபுணர்களை எப்.பி.ஐ. ஒன்றுகூட்டியது. குண்டின் வேகத்தையும் சக்தியையும் காகிதத்தில் பெருக்கிப் பார்த்துத் தோட்டாவின் தரத்தை நிர்ணயிக்கும் பழைய வழக்கத்தை விட்டு, குண்டு உடலுக்குள் எவ்வளவு ஆழம் செல்கிறது, எவ்வளவு அகலமான வழியை நிரந்தரமாக விட்டுச்செல்கிறது என்ற இரண்டையே பார்க்கவேண்டும் என்னும் அபிப்பிராயம் அப்போதுதான் உறுதிப்பட்டது. ரைபிள் குண்டின் அதிவேகம் சுற்றியுள்ள தசையையும் கிழித்துவிடும். கைத்துப்பாக்கியின் மிதவேகத்தில் தசை ஒரு கணம் விலகி மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அடிபட்டவனைக் குண்டு பின்னே தூக்கியெறியும் என்பதும் வெறும் கற்பனையே. 8 கிராம் குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் 70 கிலோ எடையுள்ள ஒருவர்மேல் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டாலும், உந்தம் அழியாது என்ற நியதிப்படி அவருக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர்தான்.

இந்தப் புதிய நோக்கிலிருந்து பிறந்த பரிசோதனையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். ஜெலட்டினை நூற்றுக்குப் பத்துப் பங்கு வீதம் நீரில் கரைத்து, அச்சில் வார்த்து, 4 டிகிரி சென்டிகிரேடில் குளிரவைத்தால், நுங்கைப் போல ஒளி ஊடுருவும் பாளம் ஒன்று கிடைக்கிறது. தசையில் குண்டு எவ்வளவு ஆழம் செல்லுமோ ஏறக்குறைய அவ்வளவே இதிலும் செல்லும் என்பதை அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் பாக்லர் நிலைநாட்டியிருந்தார். பாளம் பதமாக உறைந்திருக்கிறதா என்று அறிய, முதலில் சிறு எஃகு மணி ஒன்றை வினாடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் அதனுள் செலுத்துவார்கள். அது ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டரில் போய் நின்றால்தான் பாளம் சோதனைக்குத் தகுதி பெறும். பிறகு வெறும் பாளத்தில் சுட்டும், அதன் முன்னே தடித்த துணி, இரும்புத் தகடு, சுவர்ப்பலகை, பிளைவுட், கார்க் கண்ணாடி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி அவற்றினூடே சுட்டும், குண்டு குறைந்தது 12 அங்குலமேனும் சென்றதா, 18 அங்குலத்துக்கு மிகாமல் நின்றதா என்று அளப்பார்கள். மனித மார்பின் ஆழத்துக்கு 12 அங்குலம் மிகையல்லவா என்று தோன்றலாம். பக்கவாட்டில் நிற்பவனின் கையைக் கடந்து மார்புக்குள் செல்லவேண்டிய குண்டுக்கு அது மிகையன்று என்பதை மியாமி காட்டியிருந்தது.

அளவுகோல் இப்படிச் செம்மையாக அமைந்தும், மனம் பெரிய குழலையே நாடிற்று. எப்.பி.ஐ. 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தது, அதன் உதைப்பைத் தாங்குவது பலருக்குச் சிரமமாகும் என்று கண்டு வெடிமருந்தைக் குறைத்தது. மருந்து குறைந்தபின் நீண்ட பித்தளைக் கூட்டில் பெரும்பகுதி வெற்றிடமாய் நின்றது. அப்படியானால் கூட்டையே குறுக்கிவிடலாமே என்று ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனமும் வின்செஸ்டர் நிறுவனமும் அதை 25.2 மில்லிமீட்டரிலிருந்து 21.6 ஆக வெட்டி, 9 மி.மீ. துப்பாக்கியின் உடலளவிலேயே பொருந்தும் பாயின்ட் 40 தோட்டாவை 1990-இல் வெளியிட்டன. அமெரிக்கப் போலீஸ் இலாகாக்கள் பலவும் அதற்கு மாறின, 1997-இல் எப்.பி.ஐ.யும் கிளாக் துப்பாக்கியோடு அதை ஏற்றது.

இந்த மாற்றத்தால் கிடைத்தது என்ன, கொடுத்தது என்ன? குண்டின் விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டர் பெருத்தது. சக்தி ஏறக்குறைய 490 ஜூலிலிருந்து 540 ஆயிற்று. கையைத் தாக்கும் உதைப்புக்கு மூலமான உந்தமோ நாலில் ஒரு பங்கு கூடிற்று. ஒரே அளவுள்ள கிளாக் துப்பாக்கியில் 17 தோட்டாக்கள் அடங்கிய மேகசினில் 15 மட்டுமே அடங்கின. துப்பாக்கியின் உறுப்புகளும் விரைவில் தேய்ந்தன. இதற்கிடையே குண்டு செய்வோர் சும்மா இருக்கவில்லை. செப்பு உறையையும் ஈயக் கருவையும் ஒன்றோடொன்று பிணைத்து, கண்ணாடியைத் துளைத்தாலும் சிதையாமல், துணி அடைத்தாலும் விரியத் தவறாமல், 9 மி.மீ. குண்டே 12 அங்குல வரம்பை நம்பிக்கையோடு கடக்கும்படி அமைத்துவிட்டார்கள். எப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு 2014-இல் எழுதிய அறிக்கை, நல்ல குண்டுகளை ஒப்பிட்டால் விட்டத்தால் காயத்தில் காணத்தக்க பேதமில்லை என்றும், காவலர் சுடும் பத்துக் குண்டுகளில் ஏழெட்டுக் குறி தவறுகையில், உதைப்புக் குறைந்து விரைவாகவும் சரியாகவும் சுடவல்லதே மேலானது என்றும் முடிவு கட்டிற்று. 2016-இல் 9 மி.மீ. துப்பாக்கிகளுக்கே மறுபடி ஒப்பந்தமாயிற்று. இது தோல்வியன்று என்பது என் திடமான எண்ணம். அளந்து பார்த்துத் தன் முந்தைய தீர்மானத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் நேர்மை பெரிய ஸ்தாபனங்களில் அரிது.

2022-இல் பெடரல் நிறுவனம் வெளியிட்ட பாயின்ட் 30 சூப்பர் கேரி என்னும் தோட்டாவையும் இந்தத் தராசிலேயே நிறுக்கவேண்டும். குண்டின் விட்டம் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 6.5 கிராம் குண்டு வினாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் சென்று 470 ஜூல் சக்தியைத் தருகிறது. ஒல்லியான தோட்டாவாதலால், 9 மி.மீ. தோட்டா 13 கொள்ளும் சிறு துப்பாக்கியில் இது 16 கொள்கிறது. உதைப்பும் சற்றுக் குறைவே. இவை மெய்யான லாபங்கள். ஆனால் அந்தச் சிறு குண்டு அந்த வேகத்தைப் பெறுவது 9 மி.மீ. தோட்டாவைவிட மிக உயர்ந்த அழுத்தத்தினால். ஆதலால் வெடியோசையும் கூர்மையாக இருக்கும். பழைய துப்பாக்கியில் அதை இட்டுச் சுடவும் முடியாது. அதற்கென்றே செய்த குழலும் மேகசினும் வேண்டும். நேட்டோ நாடுகளின் பொதுத் தோட்டாவாய் எங்கும் மலிந்து கிடக்கும் 9 மி.மீ.க்கு எதிரே, இதைச் செய்வோரும் விற்போரும் சிலரே. மிகச் சிறிய துப்பாக்கியைப் புதிதாக வாங்கப்போகிறவருக்கு இது யோசிக்கத்தக்க பொருள், 9 மி.மீ.யில் கை பழகியவர், மூன்று தோட்டாக்கள் கூடுதலாகக் கிடைப்பதற்காக மாறவேண்டிய அவசியம் எனக்குத் தென்படவில்லை. புதிய குழலுக்குச் செலவிடும் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களுக்குச் செலவிட்டால் அவருடைய குறி திருந்தும்.