சோலார் மானியம்: எந்தத் தளத்தை நம்புவது?

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பா கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் தேடியது, மொட்டை மாடியில் சோலார் பேனல் போட அரசு தரும் மானியத்தைப் பற்றித்தான். கிடைத்த முதல் தளம் பதிவுக் கட்டணம் கேட்டது. நல்லவேளை, பணம் கட்டும் முன் எனக்கு போன் செய்தார்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இத்திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாயும் மானியம். பேனல் பொருத்திய பிறகு அது உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்.

சரி, அசல் தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்ரஸ் பாரில் தளத்தின் பெயரைப் படித்து, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டில் நின்றுவிடுங்கள். அந்த இடத்தில் 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால் அது அரசுத் தளம். அதன் பின்னும் 'டாட் காம்' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அரசுத் தளம் அல்ல. முன்னால் 'சூர்ய கர்' என்று எத்தனை முறை இருந்தாலும் சரி! பூட்டுப் படத்தையும் நம்பி விடாதீர்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். போலித் தளமும் அந்தப் பூட்டை வாங்கலாம்.

அசல் தளத்திலேயே பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. உட்காரும் முன் மின் இணைப்பு எண்ணை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.